இரண்டு கோட்டை நெல்

சென்னை
6.6.2024

திருமதி விஜயஸ்ரீ அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தட்டச்சில் அனுப்புவதைப் பொறுத்துக்கொள்ளவும். கைப்பட எழுதி வருடக்கணக்காகிறது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நன்செய் இருக்கிறது. அந்த இடத்தில் ஐந்து மாடியில் அரசு அலுவலக வளாகம் கட்டப்போகிறார்கள். நில எடுப்பு அறிவிப்பு வந்துவிட்டது. அதில் உரிமையாளர் என்று தங்கள் தாயார் பிரம்மநாயகியின் பெயர் இருக்கிறது.

தாங்கள் வியப்படைய இதில் ஒன்றுமில்லை. 1979இல் என் தாத்தா பாபநாசம் பிள்ளை படுக்கையில் விழுந்தபோது, அந்தக் காலத்து வாரிசு வரிக்குப் பயந்து நிலங்களைப் பலர் பெயரில் எழுதிவைத்தார்கள். என் தந்தைக்குத் தங்கள் வீட்டோடு இருந்த பழக்கத்தால், ஒரு வயல் தங்கள் தாயார் பெயரில் விழுந்தது. வெறும் பெயருக்குத்தான். 1985இல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். பத்திரத்தை மாற்றி எழுத அப்பா மறந்துவிட்டார்.

நாற்பத்தைந்து வருடமாக அனுபோகம் எங்களுடையது. வழக்கென்று போனால் அனுபோகம் உள்ளவனுக்கே தீர்ப்பாகும். ஆனால் அதற்குப் பத்து வருடம் ஆகும். வீண் அலைச்சல் எதற்கு? இணைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கள் தாயார் கையெழுத்திட்டால் போதும். ஒரு நியாயமான தொகை தருகிறேன்.

இப்படிக்கு,
கோ. கார்த்திகேசன்
ஆடிட்டர்


பேட்டை, திருநெல்வேலி
24.6.2024

மதிப்பிற்குரிய ஆடிட்டர் அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே வீட்டில் எல்லோரும் சுகமா? அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. மூட்டுவலி உண்டு. அப்பளம் தேய்த்து என்னைப் படிக்கவைத்த கை என்பதால் தோளும் வலிக்கும். மற்றபடி குறைவில்லை.

போன மாதம்தான் உங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வாரிசு வரி மறுபடி வரலாமா கூடாதா என்று ஐந்து பேர் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தீர்கள். "அப்பன் சொத்து பிள்ளைக்குப் போவதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டதும் கைதட்டினார்கள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பிள்ளைக்குன்னு கேளுட்டி" என்றாள். டிவியிடம் நான் எப்படிக் கேட்பது? உங்கள் தாத்தா அந்த வரியை ஒரு பைசா ஒளிக்காமல் கட்டினார், அதற்காகவே வயல்களை விற்றார் என்றும் சொன்னீர்கள். கேட்க உருக்கமாக இருந்தது.

அப்படி ஒரு வயல் இருப்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால், "ஒருநா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி கையெழுத்து வாங்கினாவ" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். காகிதம் எனக்குப் பழக்கம். அம்மாவுக்குத்தான் ஆகாது. தட்டச்சுத் தாள் என்றாலே கோர்ட் நோட்டீஸ் என்று பயப்படுகிறாள். போனில் பேசலாமென்றால் காது மந்தம். நீங்கள் கைப்பட, ஓர் அண்ணன் தங்கைக்கு எழுதுவதுபோல எழுதினால் படித்துக்காட்ட எனக்கு வசதி. அவள் மனம் இளகினால் கையெழுத்து ஒரு நிமிட வேலைதான்.

விஜயஸ்ரீ


சென்னை
5.7.2024

அன்புத் தங்கை விஜயஸ்ரீக்கு,

அண்ணன் கார்த்திகேசன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். உன் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, சிரிக்காதே.

நீ அந்த அலுவலகத்திலேயே வேலை பார்ப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே! அவ்வளவு பெரிய கட்டடத்தில் உள்ளே ஓர் ஆள் இருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக நகரும். நில எடுப்புப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவை. உன்னையும் கவனித்துக்கொள்கிறேன்.

என் மகள் சித்ரலேகாவுக்குத் தை மாதம் கல்யாணம். இந்த இழப்பீட்டை நம்பித்தான் மண்டபம் பேசியிருக்கிறேன். அத்தை முறைக்கு நீ முன்னால் வந்து நிற்க வேண்டும். அம்மாவின் மூட்டுவலிக்கு நல்ல தைலம் அனுப்பியிருக்கிறேன். சுடவைத்துத் தேய்க்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பேட்டை
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விஜயஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். அண்ணி, சித்ரலேகா எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். தைலம் வந்து சேர்ந்தது. நல்ல குணம் தெரிகிறது.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை படித்துக்காட்டினேன். "தங்கைன்னா எழுதியிருக்கான்? அங்கன மறுபடி படி" என்றாள். மறுபடியும் படித்தேன்.

நில எடுப்புப் பிரிவில் நான் எதுவும் சொல்ல முடியாது. அவர்கள் இரண்டாம் மாடி, நான் கீழே. அந்தப் படியில் நான் ஏறினாலே நாலு பேர் பார்ப்பார்கள். நமக்கு எதற்கு?

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அப்பாவின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன? எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2011 ஐப்பசியில் தகவல் கிடைத்து நானும் அம்மாவும் மழையோடு மழையாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும்.

தங்கை,
விஜயஸ்ரீ


சென்னை
20.8.2024

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

அப்பா இறந்த அன்று வீட்டில் ஒரே கூட்டம். என் மாமனார் வீட்டார் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்கு எதுவும் நினைவில்லை. கடைசி ஒரு வாரம் அப்பாவுக்குப் பேச்சு சரியாக இல்லை. ஒரு பச்சைத் துண்டை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். வீடு முழுக்கத் தேடினோம். அப்படி ஒரு துண்டு எங்களிடம் இல்லவே இல்லை. வயதானால் அப்படித்தான்.

பழையதை எல்லாம் கிளற வேண்டாம், விஜி. விசாரணை நவம்பர் 27 என்கிறார்கள். அதற்குள் கையெழுத்து வேண்டும். மண்டபத்துக்கு அடுத்த தவணை கேட்கிறார்கள்.

அண்ணன்


பேட்டை
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே சுகம், அங்கே சுகம்தானே.

பச்சைத் துண்டைப் பற்றிப் படித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அது எங்கள் வீட்டுக் கொடியில் இருந்தது. இப்போதும் பெட்டியில் இருக்கிறது.

போகட்டும். கையெழுத்துப் போட அம்மாவுக்குச் சம்மதம்தான். ஆனால் புதிதாக ஒரு பயம் பிடித்திருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நமக்கு உரிமையே இல்லாத வயல விட்டுக்கொடுத்தேன்னு நான் எப்படிட்டி கையெழுத்துப் போடுதது? பொய்க் கையெழுத்துன்னு புடிச்சிட்டுப் போயிட்டா? அந்த வயல்ல நாம ஒரு நாத்து நட்டது உண்டா? ஒரு மணி நெல்லு தின்னது உண்டா?"

உரிமை உள்ளவர் விட்டுக்கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் எடுபடவில்லை. பெரிய ஆடிட்டர், டிவியில் பேசுகிறவர், நீங்கள் எழுதினால் நம்புவாள். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

தங்கை,
விஜயஸ்ரீ


சென்னை
21.9.2024

அன்புத் தங்கை விஜயஸ்ரீக்கு,

அண்ணன் கார்த்திகேசன் எழுதுவது. உடம்புக்கெல்லாம் சௌகரியம்தானே?

உன் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு மணி நெல் தின்றதில்லையா? மனிதர்கள் மறக்கலாம், அதற்காக இந்த அளவுக்கா? 1980இலிருந்து போன தை வரைக்கும் ஒரு வருடம் தவறாமல் நம் பண்ணையாள் மாரிக்கண்ணு அந்த வயலிலிருந்து இரண்டு கோட்டை நெல்லை அளந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கவில்லையா? அப்பா காலத்துக்குப் பிறகும் அதை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னது நான்தான். எத்தனை குடும்பத்தில் இப்படிச் செய்வார்கள்?

அம்மாவுக்குப் புரியும்படி எழுதுகிறேன். பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. ஆகவே வயல் அம்மாவுடையது. உழுது பயிரிட்டது நாங்கள். அதற்கு உரிய பங்கு நெல்லை வருடா வருடம் அம்மாவுக்கு அளந்திருக்கிறோம். இதில் பொய் எங்கே வந்தது? உரிமை உள்ளவர் மனம் உவந்து விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். போலீசும் வராது, ஒருத்தரும் வரமாட்டார்கள்.

இதை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக்காட்டு.

அன்புடன்,
அண்ணன்


சென்னை
24.10.2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? ஒரு மாதமாகப் பதிலே இல்லை. தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை அனுப்பியிருந்தேன். கிடைத்ததா?

மாரிக்கண்ணு போன் செய்தான். நீ அவன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாயாமே. "என்ன வே கேட்டா?" என்றால், "நெல்லு கொண்டுபோயி இறக்குனதப் பத்தித்தான் கேட்டாவ அண்ணாச்சி, உள்ளதச் சொன்னேன்" என்கிறான். எதற்கு இதெல்லாம்? பத்திரம் கையெழுத்தாகிவிட்டதா இல்லையா? உடனே எழுது.

அண்ணன்


பேட்டை
11.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விஜயஸ்ரீயின் கடைசி வணக்கம். நாங்கள் மிகவும் நலம். உங்கள் நலத்தை இனி விசாரிக்கப்போவதில்லை. அதனால் ஒரேயடியாக இப்போது கேட்டுவைக்கிறேன்: சுகமா?

பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டாள்.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். தட்டச்சைக் கண்டால் பயமும் கிடையாது. உரிமை, பொய்க் கையெழுத்து, ஒரு மணி நெல் என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. அதெல்லாம் நான் எழுதியது. நெல் வந்தது எனக்குத் தெரியாதா? மூட்டையைப் பிரித்துக் காயப்போட்டவளே நான்தான். உங்கள் தைலத்தைப் பக்கத்து வீட்டு நஃபீஸத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு முழங்கால் தேவலையாம். புடவையைப் பிரிக்காமல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அனுபோகம் உள்ளவனுக்கே தீர்ப்பாகும் என்று முதல் கடிதத்தில் என்னை மிரட்டினீர்கள். உண்மைதான். அன்று எனக்குப் பயமாகவே இருந்தது. ஆனால் குத்தகைக்கு உழுகிறவன் நூறு வருடம் உழுதாலும் குத்தகைக்காரன்தானே? "வயல் அம்மாவுடையது, உழுதது நாங்கள், பங்கு நெல்லை வருடா வருடம் அளந்தோம்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். செப்டம்பர் 21 தேதியிட்ட அந்தக் கடிதத்தை நில எடுப்புப் பிரிவில் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். மாரிக்கண்ணுவின் வாக்குமூலம் கூடவே இருக்கிறது. பதிவறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் 1979 பத்திரத்தின் நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரையும்போல மனு எழுதி, வரிசையில் நின்றுதான் வாங்கினேன். நாளைக்கு நீங்கள் என் வேலையில் கைவைக்கக் கூடாதல்லவா?

பத்திரத்தை மாற்ற அப்பா மறந்துவிட்டார் என்றீர்கள். தை பிறந்தால் இரண்டு கோட்டை நெல்லை மறக்காமல் அனுப்பிய மனிதர் பத்திரத்தை மட்டும் மறந்திருப்பாரா? உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் அப்படியே விட்டுவைத்தார். அவருடைய தைரியம் அவ்வளவுதான். அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது 2011 ஐப்பசிக்கு வருகிறேன். அம்மா முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு வந்தாள். அவருக்கு வாய்க்கரிசி போட. வேறொன்றும் கேட்க வரவில்லை. பங்கு கேட்கவில்லை, பக்கத்தில் உட்காரக் கேட்கவில்லை. நீங்கள் நடையில் நின்று வழியை மறித்தீர்கள். உங்கள் மாமனார், "யாரு மாப்ள இவுக?" என்று கேட்டார். நீங்கள் எங்கள் முகத்தை நேரே பார்த்து, "யாருன்னே தெரியலையே" என்றீர்கள். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அந்த அரிசியோடு பேட்டைக்குத் திரும்பி வந்தாள். வழியில் ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அதைத் தண்ணீரில் போட்டாள். பதின்மூன்று வருடமாக அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் உங்களைக் கைப்பட எழுதவைத்தேன். தங்கை என்று நான்கு கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் நகலெடுத்து வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன். யாரென்று தெரியாதவர்களுக்கு யாரும் தைலம் அனுப்புவதில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

உங்கள் முதல் கடிதத்தை மட்டும் எங்கும் கொடுக்கவில்லை. வரிக்குப் பயந்து தாத்தா பொய்யாக எழுதிவைத்தார் என்று உங்கள் கையெழுத்தோடு இருப்பது அது. ஒரு பைசா ஒளிக்கவில்லை என்று ஊரே பார்க்கச் சொன்னீர்களே, அதோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். நீங்கள் ஆட்சேபணை மனு எதுவும் போடாதவரை அது என் அலமாரியில் இருக்கும்.

27ஆம் தேதி காலை பத்தரை மணி. படியேறி இரண்டாம் மாடி, இடது பக்கம். பயிரிட்டவர் என்ற முறையில் உங்களுக்கும் அழைப்பு வரும். இந்த அம்மா உங்களுக்கு யார் என்று அதிகாரி கேட்பார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.

விஜயஸ்ரீ


சென்னை
12.1.2025

அன்புள்ள சித்திக்கு,

மகன் கார்த்திகேசன் நமஸ்காரம் செய்து எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அன்று படியேறும்போது மூச்சு வாங்கினீர்கள். கை கொடுக்க நினைத்தேன், பயமாக இருந்தது.

விஜிக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

விசாரணையில் அதிகாரி கேட்டார். நாற்பது பேர் நின்றார்கள். பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் நம் ஊர் ஆட்கள். "சித்தி" என்று சொன்னேன். சத்தம் வரவில்லை. அவர், "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும் போட்டேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

2011இல் எனக்கு எதுவும் நினைவில்லை என்று விஜிக்கு எழுதியது பொய். உங்கள் முந்தானை முடிச்சு வரைக்கும் நினைவிருக்கிறது. அது அரிசி என்றும் தெரியும். மாமனார் வீட்டார் முன்னால் வெட்கமாக இருந்தது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்ட வழியில்லாமல் நிற்கிறேன். இழப்பீட்டில் பாதி தந்தால் கல்யாணம் நடக்கும். பாதி இல்லாவிட்டால், முடிந்ததைக் கடனாகவாவது தாருங்கள். பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை, நீங்களும் விஜியும் வந்து சித்ரலேகாவை ஆசீர்வதிக்க வேண்டும். அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். அப்பா இருந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

உங்கள் மகன்,
கார்த்திகேசன்


(இந்தக் கடிதம் ஒட்டியபடியே சென்னைக்குத் திரும்பி வந்தது. பதிவுத் தபால் உறையின் மேல், முகவரிக்குக் கீழே, தபால்காரர் நீல மையில் எழுதியிருந்தது:)

பெறுநர் வீட்டில்தான் இருக்கிறார். அனுப்புநர் பெயரை இரண்டு முறை படித்துக்காட்டினேன். "யாருன்னே தெரியலையே" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்.

நடராஜ், தபால்காரர்
18.1.2025